இரண்டு பெயர், ஒரு கையெழுத்து

கிறிஸ்டோவைப் பற்றித் துழாவிக்கொண்டிருந்தபோது ஒரு சின்ன தகவல் கண்ணில் பட்டது. கம்யூனிஸ்ட் பல்கேரியாவிலிருந்து தப்பி, 1958-ல் பாரிஸ் வந்து சேர்ந்தவர் அவர். பிழைப்புக்காக வசதியான வீடுகளில் உருவப்படம் வரைந்து கொடுத்தார். அந்தப் படங்களில் 'ஜாவசெஃப்' என்று குடும்பப் பெயரைப் போடுவார். 'கிறிஸ்டோ' என்ற பெயர் சொந்தக் கலைக்கு மட்டும். அப்படி ஒரு பிரெஞ்சு ராணுவ அதிகாரியின் மனைவியை வரையப் போன இடத்தில்தான் அந்த வீட்டு மகள் ழான்-குளோடைச் சந்தித்தார். இரண்டு பேரும் பிறந்தது 1935 ஜூன் 13. அவர் பல்கேரியாவின் கப்ரோவோவில், இவர் மொராக்கோவின் காசாபிளாங்காவில்.

இவர்களைப் பற்றி யார் எழுதினாலும் இந்த ஒரே நாள் பிறப்பைப் பிடித்துக்கொள்வார்கள். எனக்கு அந்தக் கையெழுத்து விஷயம்தான் உறுத்தியது. எந்த வேலைக்கு எந்தப் பெயர் என்று அவ்வளவு கணக்காக இருந்த மனிதர், மனைவியின் பெயரைச் சேர்க்க ஏன் 1994 வரை எடுத்துக்கொண்டார்?

அந்த வருஷம்தான், இதுவரை செய்த வெளிப்புறப் படைப்புகள் எல்லாமே 'கிறிஸ்டோ மற்றும் ழான்-குளோட்' செய்தவை என்று முன்தேதியிட்டு மாற்றினார்கள். இளம் வயதில் ஒரு கலைஞரின் பெயரை நிலைநிறுத்துவதே பெரும்பாடு, அதனால்தான் ஒற்றைப் பெயர் வைத்தோம் என்பது அவர்கள் தந்த விளக்கம். 'பாசத்தில் பெயரைச் சேர்த்திருக்கிறார், அந்த அம்மா நிர்வாகம்தானே பார்த்தார்' என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. ஒளிக்காமல் சொன்னால், நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்தேன்.

அதை மாற்றியது 'ரன்னிங் ஃபென்ஸ்' என்ற ஆவணப்படம். மேசில்ஸ் சகோதரர்கள் எடுத்தது (அதுவும் ஒரு ஜோடிதான்). 1976 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் மலைச்சரிவுகளில் 39 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய வெள்ளை நைலான் வேலி அது. உயரம் ஐந்தரை மீட்டர். இருந்தது 14 நாள். ஆனால் படத்தில் பெரும்பகுதி துணியே இல்லை, பேச்சுதான். வேலி போகவேண்டிய நிலங்கள் 59 பண்ணைக்காரர்களுடையவை. ஒவ்வொருவரிடமும் அனுமதி வாங்க வேண்டும். 18 பொது விசாரணைகள், நீதிமன்றப் படியேற்றம், 450 பக்கச் சுற்றுச்சூழல் அறிக்கை. ழான்-குளோட் பண்ணை வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து பேசுகிறார், சமாளிக்கிறார், சண்டை போடுகிறார்.

ஒரு விசாரணையில் ஒரு பண்ணைக்காரரின் மனைவி எழுந்து பேசுவார். ரெண்டு வாரத்தில் பிரித்துவிடப் போகிற ஒன்று எப்படிக் கலையாகும் என்பதுதான் அங்கே வாதம். அந்த அம்மா சொல்வதன் சாரம் இது: நான் சில நாள் பாடுபட்டுச் சமைக்கிற சாப்பாடும் கலைதான், அதைச் சாப்பிட்டு முடித்ததும் காணாமல்தான் போகிறது. இதைவிட நல்ல கலை விமர்சனத்தை இவர்களைப் பற்றி நான் வாசித்ததில்லை. காலியான தட்டோடு சமைத்த கையும் மறந்துபோகும் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது இல்லையா?

பெர்லின் ராய்ஷ்டாக் கட்டடத்தைப் போர்த்தும் யோசனை 1971-ல் தொடங்கியது. 1994 பிப்ரவரி 25 அன்று ஜெர்மன் நாடாளுமன்றமே உட்கார்ந்து விவாதித்து வாக்கெடுத்தது: ஆதரவு 292, எதிர்ப்பு 223. பிரதமர் ஹெல்மட் கோல் எதிர்ப்பக்கம். 1995 ஜூனில் ஒரு லட்சம் சதுர மீட்டர் வெள்ளித் துணி ஏறியது, இரண்டே வாரம்தான். 24 வருஷம் எதிராளியைச் சம்மதிக்க வைத்ததுதான் படைப்பின் உடம்பு, துணி அதன் கடைசிக் காட்சி. இப்படிப் பார்த்தால், வாதாடியவரை 'உதவியாளர்' என்று சொல்ல முடியாது. கவிஞருக்குச் சொல் மாதிரி, இவர்களுக்கு அனுமதி.

கூட்டாகப் பெயர் போட்டால் பழியும் கூட்டுத்தான். 1991-ல் ஜப்பானிலும் கலிஃபோர்னியாவிலும் ஒரே சமயத்தில் 3,100 ராட்சதக் குடைகளை விரித்தார்கள். கலிஃபோர்னியாவில் காற்றில் பிடுங்கிக்கொண்ட குடை ஒன்று, பார்க்க வந்த ஒரு பெண்ணைக் கொன்றது. உடனே எல்லாவற்றையும் மூடச் சொன்னார்கள். பிரிக்கும் வேலையில் ஜப்பானில் ஒரு தொழிலாளி மின்சாரம் தாக்கி இறந்தார். 'கனவை நனவாக்கிய காதல் ஜோடி' வகையறா கட்டுரைகள் இதை ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன. இந்த இருவர் சாகாமல் இருந்திருந்தால் அந்தக் குடைகள் அழகுதான்.

இனி பணம். இவர்கள் ஸ்பான்சர் யாரையும் ஏற்கவில்லை. கிறிஸ்டோவின் முன்வரைவு ஓவியங்களையும் கொலாஜ்களையும் விற்றே எல்லாச் செலவும். அதற்கான நிறுவனத்தின் பெயர் சி.வி.ஜே. கார்ப்பரேஷன். அந்த எழுத்துகள் கிறிஸ்டோவின் முழுப்பெயரின் முதலெழுத்துகள், தலைவர் ழான்-குளோட்! நாங்கள் மூன்று விஷயம் மட்டும் சேர்ந்து செய்வதில்லை என்று அவர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஒரே விமானத்தில் பறப்பதில்லை, ஒருவர் போனாலும் மற்றவர் வேலையை முடிக்கணுமே. வரைவது கிறிஸ்டோ மட்டும். வரிக் கணக்கரோடு மல்லுக்கட்டுவது ழான்-குளோட் மட்டும்.

சிரித்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தால் எனக்குச் சங்கடமாகிறது. இருவர் பெயரில் உள்ள படைப்புகள் எல்லாம் 14 நாள், 16 நாள் இருந்து மறைந்துவிட்டன. மிஞ்சியிருப்பது ஓவியங்கள். அருங்காட்சியகத்தில் தொங்குவதும் ஏலத்தில் விலை போவதும் அவைதான், அவற்றில் உள்ளது ஒரே பெயர். 1994-ல் திருத்திய பெயர்ப்பட்டியல் இந்தப் பக்கத்தைத் தொடவில்லை. வரைந்தவர் பெயர்தானே இருக்கணும் என்றால், சரிதான். கிறிஸ்டோ ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. ழான்-குளோட் 2009-ல் இறந்த பிறகு, 2016-ல் இத்தாலியின் இசெயோ ஏரியில் 'ஃப்ளோட்டிங் பியர்ஸ்' மிதந்தபோதும் அவர் இரண்டு பெயரையும்தான் போட்டார். அவரும் 2020-ல் போனபின், 2021 செப்டம்பரில் பாரிஸின் ஆர்க் த த்ரியோம்ப் போர்த்தப்பட்டதும் இருவர் பெயரிலேயே.

ஆனாலும் ஒன்று. 1983-ல் மயாமிக்குப் பக்கத்தில், பிஸ்கேன் விரிகுடாவில் 11 தீவுகளைச் சுற்றி ரோஜா நிறத் துணியை மிதக்கவிட்டார்களே, அந்த யோசனை ழான்-குளோடுடையது. அதற்கான ஓவியங்களின் அடியில் இருக்கும் கையெழுத்து: கிறிஸ்டோ.