அண்ணன் எப்போது சம்மதிக்கிறான்?

‘பாசமலர்’ என்றாலே கைக்குட்டை ஜோக்தான் நம் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வரும். 1961-ல் வந்த படம், ஏ. பீம்சிங் இயக்கம், ஆரூர்தாஸ் வசனம். அழுகையை ஓரமாக வைத்துவிட்டுக் கதையை மட்டும் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்துகிறது.

ராஜு (சிவாஜி) தொழில் தொடங்கப் போட்ட முதல், தங்கை ராதா (சாவித்திரி) பொம்மை செய்து சேர்த்து வைத்த காசு. கணக்குப்படி பார்த்தால் அவள் பங்குதாரர். ஆனால் ஆனந்தனை (ஜெமினி) அவள் விரும்புகிறாள் என்று தெரிந்ததும் அண்ணன் கொதிக்கிறார். ஆனந்தன் அவருடைய பழைய நண்பர், இப்போது அவரிடமே சம்பளம் வாங்குகிறவர். எப்போது மனம் மாறுகிறார்? அண்ணன் சொல்லை மீறமாட்டேன், காதல் போனாலும் பரவாயில்லை என்ற நிலைக்கு ராதா வந்த பிறகு!

(நிஜத்தில் ஜெமினியும் சாவித்திரியும் தம்பதி. சாவித்திரி வீடு அபிபுல்லா ரோடு, சிவாஜியின் ‘அன்னை இல்லம்’ தெற்கு போக் ரோடு. ரெண்டுமே தி.நகர்தான்.)

அடுத்து 1978, மகேந்திரனின் முதல் படமான ‘முள்ளும் மலரும்’. உமாசந்திரனின் நாவலைத் தழுவியது. இங்கே நிலைமை தலைகீழ். அண்ணன் காளி (ரஜினி) விஞ்ச் ஆபரேட்டர், தங்கை வள்ளியை (ஷோபா) விரும்பும் குமரன் (சரத்பாபு) அவன் மேலதிகாரியான என்ஜினியர். காளியை சஸ்பெண்ட் செய்தவரும் அவர்தான். அந்தக் கோபத்தில் குடித்துவிட்டு ரோட்டில் விழுந்துகிடந்த காளியின் கை லாரியில் போகிறது. அந்த ஆளுக்குத் தங்கையைக் கொடு என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? ராஜுவின் கோபத்தை விட இந்தக் கோபம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

ஆனால் சம்மதம் வரும் இடத்தைப் பாருங்க. கல்யாணத்துக்குப் புறப்பட்ட வள்ளி பாதியில் திரும்பி ஓடிவந்து அண்ணனைக் கட்டிக்கொள்கிறாள். அதற்கு அப்புறம்தான் ‘போ’ என்கிறான். பதினேழு வருஷம் கழித்தும் அதே பரீட்சைதான். விட்டுக்கொடுக்கத் தயார் என்று தங்கை நிரூபித்தால்தான் அண்ணன் கை தளரும். குமரனோடு போவதுதான் சரி என்று வள்ளி பிடிவாதமாக நின்றிருந்தால்? அந்தப் படத்தை எடுக்க மகேந்திரனுக்கும் தைரியம் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இருந்தாலும் நான் ‘முள்ளும் மலரும்’ பக்கம்தான். ‘பாசமலர்’ கல்யாணத்துக்குப் பிறகும் தங்கையை விடுவதில்லை. முதலில் ஒரே வீட்டில் எல்லோரையும் வைக்கிறது, பிரிவு வந்ததும் அண்ணன் கண்ணைப் பறிக்கிறது, கடைசியில் ரெண்டு பேரையும் சேர்த்தே சாகடிக்கிறது. புருஷன், குழந்தை எல்லாம் பின்னால் போய்விடுகிறார்கள். காளியோ, தங்கையை அனுப்பும்போதும் மாப்பிள்ளையை இப்பவும் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறான். பிடிக்காமலே அனுப்புகிறான். அவள் உயிரோடு, நடந்து, வேற வீட்டுக்குப் போகிறாள்.