கொலைக்களக் காதையும் கடைவாயிலும்

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையைக் கண்ணீரோடு படிப்போர் பலர். அங்கே நிகழும் விசாரணையை, அதாவது விசாரணை இன்மையை, ஊன்றிப் படிப்போர் சிலரே. வைகாசிச் சடங்கில் கண்ணகி வழக்குரை ஓதக் கேட்டுப் பழகிய கிழக்கிலங்கையினராகிய நமக்கு இது பெருங்குறையாகவே படுகிறது.

பொற்கொல்லன் வந்து சொல்லும் வேளையில் பாண்டியன் ஊடல் கொண்ட தேவியை நாடிச் சென்றுகொண்டிருக்கிறான். ஒரு கேள்வி இல்லை, ஆணை பிறந்துவிடுகிறது. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்துப் பார்க்க ஒரு கணம் போதும். அந்தக் கணம் கோவலன் வெட்டுண்ட பின்னரே வாய்க்கிறது.

ஆயினும் நாம் வாசகரை நிறுத்த விரும்பும் இடம் வேறு. காவலர் தயங்குகின்றனர். உடனே பொற்கொல்லன் மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர்க்குத் துணையாகும் எட்டையும் எடுத்து விரிக்கிறான். எத்தகைய சாத்திரம் பாருங்கள்! குற்றஞ்சாட்டப்பட்டவன் அமைதியாக நின்றால் அது மந்திரத்தின் துணை. இனிமையாகப் பேசினால் தந்திரம். குற்றமின்மையின் அடையாளங்கள் யாவுமே குற்றத்தின் சான்றுகளாகிவிடுகின்றன.

காவலர் தயங்கியதுதான் எதனால்? கோவலனின் தோற்றம் கள்வன் தோற்றமன்று என்பதனால். சான்று கேட்டதனால் அன்று! செல்வ வணிகனின் மேனிக்குக் கிடைத்த சலுகை அது. காப்பியத்தின் மனிதநேயம் இவ்விடத்தில் வர்க்க எல்லையைத் தாண்டவில்லை என்றே கருதுகிறோம்.

ஈச்சிலம்பற்றுக் கமக்காரப் பெண் ஒருத்தி திருகோணமலை நகரின் பல்பொருள் அங்காடி ஒன்றுக்கு வருகிறாள் என வைத்துக்கொள்வோம். இடுப்புக் குழந்தையின் கையிலிருந்த சவர்க்காரக் கட்டி காசாளர் கண்ணிலும் படவில்லை, அவள் நினைவிலும் இல்லை. வாயிலில் மறிக்கிறார்கள். 2006ஆம் ஆண்டுப் போரில் ஊரோடு இடம்பெயர்ந்து, அடையாள அட்டையை நீட்டி நீட்டியே தம்மை மெய்ப்பித்துப் பழகிய மக்களுள் ஒருத்தி அவள். அவளது தேய்ந்த செருப்பைக் கண்டு எந்தக் காவலன் தயங்குவான்? அவள் நடுங்கினாலும் சான்று, நடுங்காவிடினும் சான்று. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, 366ஆம் பிரிவில், நேர்மையற்ற எண்ணம் இருந்தாலன்றி திருட்டு ஆகாது என்கிறது. அந்த எண்ணம் இருந்ததா என்று வினவும் பொறுமைதான் வாயிலில் இல்லை.

இன்று பொற்கொல்லனின் வேலையை இயந்திரமும் செய்கிறது. பிரித்தானியாவில் 1999 முதல் 2015 வரை ஹொரைசன் என்னும் கணினிக் கணக்கு காட்டிய பொய்க் குறையை நம்பி, துணை அஞ்சலதிபர் முதலாக 900க்கும் மேற்பட்டோரைக் குற்றவாளிகளாக்கினார்கள். அத்தீர்ப்புகளைத் துடைக்க 2024இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

இனி ஊழ்வினை. முற்பிறப்பில் பரதன் என்னும் அரச ஊழியனாக இருந்த கோவலன், சிங்கபுரத்துக் கடைவீதியில் அணிகலன் விற்ற சங்கமனை ஒற்றன் என்று பழித்துக் கொல்வித்தான். அதன் பயனே மதுரையில் விளைந்தது என்று காப்பியம் அமைதி கூறுகிறது. இந்த அமைதியை நாம் ஏற்பதற்கில்லை. அரசின் குற்றம் இதனால் மாண்டவன் தலையில் ஏற்றப்படுகிறது. ஆனால் அந்தக் கிளைக்கதையும் விசாரியாது கொன்ற கதைதானே! கண்ணகிக்கு ஓர் அவையாவது கிடைத்தது. சங்கமன் மனைவி நீலிக்கு அதுவும் இல்லை. இது முறையோ என்று அரசரையும் ஊராரையும் கேட்டுத் தெருத்தெருவாக அழுது திரிந்தாள். பதினான்கு நாள் கழித்து மலையேறி உயிர் விட்டாள். அவளுக்கு வழக்குரை பாடியவர் எவருமிலர்.