தவளை முட்டைச் சாறு காட்டியதும் மறைத்ததும்

சாத்தூர்ப் பக்கம் திரியைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரு முனையில் பற்றவைத்தால் எரிகிற இடம் அடுத்த இடத்தைப் பற்றவைக்கும். அதனால் பத்தாவது அடியிலும் தீ முதல் அடியில் போன வேகத்திலேயே போகும். செல் பிரிதலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்தத் திரிதான் நினைவுக்கு வரும். தவளை முட்டையின் விட்டம் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர். ஒரு செல்லுக்கு அது மலை மாதிரி. பிரியச் சொல்லும் சேதி வெறுமனே கசிந்து பரவி அந்தத் தூரத்தைக் கடப்பதென்றால் மணிக்கணக்காகும். முட்டையோ அரை மணிக்கு ஒருதரம் பிரிகிறது. 2013-இல் ஜெரமி சாங், ஜேம்ஸ் ஃபெரல் இருவரும் தவளை முட்டைச் சாற்றை மெல்லிய டெஃப்லான் குழாயில் நிரப்பிப் பார்த்தார்கள். சேதி நிமிடத்துக்குச் சுமார் 60 மைக்ரோமீட்டர் வேகத்தில், தளராமல், திரியில் தீ ஓடுவது போலவே ஓடியது.

இப்படி முட்டையை உடைத்துச் சாறெடுத்துப் படிக்கும் முறை டொராண்டோவில் தொடங்கியது. யோஷியோ மசுயியும் மான்ஃப்ரெட் லோகாவும் 1983-இல் அதை வெளியிட்டார்கள். செய்முறையைக் கேட்டால் அடுக்களை வேலை போலத்தான் இருக்கும். முட்டைகளைச் சுற்றியுள்ள வழவழப்பைக் கரைத்து நீக்கி, குழாயில் போட்டு, வேகமாகச் சுழற்றி நசுக்க வேண்டும். மேலே மஞ்சள் கொழுப்பு மிதக்கும். அடியில் மஞ்சட்கருவும் கறுப்பு நிறமியும் படியும். நடுவில் நிற்கிற வைக்கோல் நிறச் சாறுதான் வேண்டியது. அதில் தவளையின் விந்தணுத் தலைகளைப் போட்டுக் கொஞ்சம் கால்சியமும் சேர்த்தால், ஊசி போலிருந்த தலை ஊதிப் பெருத்து உட்கருவாகும், அதன் டி.என்.ஏ. இரட்டிப்பாகும், பிறகு உறை உடைந்து குரோமோசோம்கள் திரளும். செல்லே கிடையாது, ஆனால் செல்லின் வேலை நடக்கிறது.

இந்த முறையின் பெரிய பலம், ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்கலாம் என்பது. 1989-இல் ஆண்ட்ரூ மர்ரேயும் மார்க் கிர்ஷ்னரும் சாற்றிலிருந்த தூது ஆர்.என்.ஏ. அத்தனையையும் அழித்தார்கள். சாறு நின்றுபோனது. சைக்ளின் என்ற ஒரே புரதத்துக்கான ஆர்.என்.ஏ.வை மட்டும் திருப்பிச் சேர்த்ததும் சுழற்சி மறுபடி ஓடியது. அழியாத சைக்ளினைச் சேர்த்தால் பிரிதலின் நடுவிலேயே சிக்கிக்கொண்டது. ஆக, அந்தப் புரதம் சேர்வது, அழிவது இரண்டும் சேர்ந்தே சுழற்சியை நடத்துகின்றன. உயிருள்ள செல்லில் இவ்வளவு துலக்கமாகக் காட்ட முடிந்திருக்காது.

டி.என்.ஏ. இரட்டிப்பு விஷயத்தில் கிடைத்த பலன் இன்னும் அழகானது. ஒரு சுற்றில் ஒரே ஒரு தடவைதான் டி.என்.ஏ. நகலாக வேண்டும், இரண்டு தடவை நகலானால் கணக்கே குழம்பிவிடும். 1988-இல் ஜூலியன் ப்ளோவும் ரான் லாஸ்கியும் இதே சாற்றை வைத்து இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் நம் ஊர் வாயில் தினமும் புழங்குகிற சொல்: லைசென்ஸ். தீபாவளிக்குப் போடுகிற தற்காலிகப் பட்டாசுக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த லைசென்ஸ் அந்தப் பருவத்தோடு சரி. அடுத்த ஆண்டு புதிதாக வாங்க வேண்டும். டி.என்.ஏ.வும் நகலாகும்போதே தன் லைசென்ஸைச் செலவழித்துவிடுகிறது. செல் பிரிந்து முடிந்த பிறகுதான் அடுத்தது கிடைக்கும். எம்.சி.எம். என்ற புரதக் கூட்டம்தான் அந்த லைசென்ஸ் என்பது பின்னால் தெரியவந்தது.

ஆனால் இந்தப் புகழ்ச்சியை அப்படியே ஏற்க என்னால் முடியவில்லை. தவளைக் கருவின் முதல் 12 பிரிவுகள் ஒரு விசேஷமான காலம். வளர இடைவெளி இல்லை, சரிபார்க்க நிறுத்தம் இல்லை. நகலெடு, பிரி, நகலெடு, பிரி. சுமார் 4,000 செல்கள் ஆன பிறகுதான் வேகம் குறைகிறது, கருவின் சொந்த ஜீன்கள் விழிக்கின்றன. 1982-இல் ஜான் நியூபோர்ட்டும் கிர்ஷ்னரும் இந்தத் திருப்பத்தை விவரித்தார்கள். பிரேக் போடாமல் ஓடும் வண்டியைப் பார்த்துவிட்டு, வண்டிக்குப் பிரேக்கே கிடையாது என்று சொல்லலாமா? செல் சுழற்சியை வெறும் கடிகாரமாகப் பார்த்ததில் அந்தத் தவறு இருந்தது. ஒரு வேலை முடியாமல் அடுத்தது தொடங்காது என்று ஈஸ்ட்டை ஆராய்ந்த லேலண்ட் ஹார்ட்வெல் தரப்பு சொன்னது. நம் உடம்புச் செல்களுக்கு அந்தப் பேச்சே அதிகம் பொருந்தும்.

ஆயினும் பழியை முழுவதும் சாற்றின் தலையில் போடக்கூடாது. 1990-இல் மேரி டாஸோவும் நியூபோர்ட்டும் சாற்றில் உட்கருக்களை நிறையச் சேர்த்து, நகலெடுப்பைத் தடுத்தபோது, அதே சாறு பிரியாமல் காத்து நின்றது. பிரேக் உள்ளேதான் இருந்தது. அதை அழுத்தும் அளவுக்கு டி.என்.ஏ. இல்லாததால் கண்ணில் படவில்லை. கருவிலும் இதே கதைதான். சைட்டோபிளாசம் கூடுவதில்லை, உட்கருக்கள் மட்டும் ஆயிரக்கணக்காகின்றன. நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் நான்கு புரதங்கள் அந்தக் கூட்டத்துக்குப் போதாமல் போவதே வேகம் குறையக் காரணம் என்று 2013-இல் பிலிப் ஸெகெர்மன் குழு காட்டியது.

மற்றக் குறைகளும் உண்டு. ஒரு தவளையின் சாறு நன்றாக ஓடும், இன்னொன்றின் சாறு படுத்துக்கொள்ளும். சில மணி நேரத்தில் கெட்டும்போகும். இதைவிட எனக்கு உறுத்துவது, இந்த அறிவின் பெரும்பகுதி ஆப்பிரிக்க நகத்தவளை என்ற ஒரே இனத்தின் மேல் நிற்பது. பாடத்தில் படிக்கும் 30 நிமிடக் கணக்கு, 23 டிகிரி வாக்கில் வைத்த ஆய்வகத் தண்ணீரின் கணக்கு. கரிசல் குட்டையின் தண்ணீர் அந்தக் குளிர்ச்சியில் இருக்காது; சூடு ஏறினால் அந்தக் கடிகாரமும் வேகமெடுக்கும். நம் நாட்டுத் தவளைகளிடமும் புதிய சேதி உண்டு. 1992-இல் ஒடிசாவில் பிரியம்வதா மொஹந்தி ஹெஜ்மாடி குழு, மழைக்கு மண்ணிலிருந்து கிளம்பும் உருண்டைத் தவளையின் தலைப்பிரட்டைகளில் வாலை வெட்டி வைட்டமின் ஏ கொடுத்தபோது, வால் முளைக்க வேண்டிய இடத்தில் கால்கள் முளைத்தன.

கல்லூரிகளில் தவளை அறுப்பது நின்றுபோனதில் எனக்கு வருத்தமில்லை. முட்டை பிரிவதைப் பார்க்க எதையும் கொல்ல வேண்டாம். ஐப்பசியில் முதல் நல்ல மழை விழுந்த இரவு கண்மாய்க் கரைக்கு ஒரு டார்ச்சும் கைலென்ஸும் கொண்டுபோனால் போதும். வழவழப்புக்குள் கிடக்கும் கறுப்புப் புள்ளியில் முதல் கோடு விழும். அடுத்த கோடு குறுக்கே விழுகிற வரை எத்தனை நிமிடம் என்று மாணவர்கள் எழுதிவைக்கட்டும். தண்ணீரின் வெப்பத்தையும் பக்கத்திலேயே எழுதட்டும்.