1.59 என்ற எண்ணை வாசித்தல்

சில அறிவியல் கட்டுரைகளையும் கவிதை மாதிரி சொல் சொல்லாகப் பிரிச்சுப் படிக்கலாம். 1987இல் சாங், ஃபாஸ்டர், ஹால் மூவரும் வெளியிட்ட பனியாழச் சூத்திரம் அப்படியொன்று. ஒரே வரி. தரையிலிருந்து வரும் மைக்ரோவேவ் கதிர்வீச்சைச் செயற்கைக்கோள் 18, 37 கிகாஹெர்ட்ஸில் அளக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு வெப்பநிலையாகப் பதிவாகும். அந்த இரண்டின் வித்தியாசத்தை 1.59ஆல் பெருக்கினால் பனியின் ஆழம் சென்டிமீட்டரில் கிடைக்கும். அவ்வளவுதான்.

பூமி தானாக வெளிவிடும் அலைகளைப் பனித்துகள்கள் சிதறடிக்கும். 37இன் அலைநீளம் எட்டு மில்லிமீட்டர்தான், அதனால் அதிகம் அடிபடும். 18 பெரும்பாலும் தப்பித்து மேலே வந்துவிடும். பனி கூடக்கூட வித்தியாசமும் கூடும். மேகமோ மாதக்கணக்கில் நீளும் துருவ இரவோ பெரிய தடையில்லை. 1978இல் ஏவிய நிம்பஸ்-7 தந்த தரவை வைத்து இப்படியொன்றை யோசித்ததை நான் இன்னும் ரசிக்கிறேன்.

என் சண்டை அந்த 1.59ஓடுதான். துகளின் ஆரம் 0.3 மில்லிமீட்டர், அடர்த்தி கனமீட்டருக்கு 300 கிலோ என்று வைத்துக்கொண்டதால் வந்த எண் அது. அதாவது உலகம் முழுக்க ஒரே பனி!

சைபீரியாவில் பனிக்கு மேலே காற்று மைனஸ் நாற்பது, அடியில் தரை அதைவிட எவ்வளவோ சூடு. நடுவில் மெல்லிய பனி. கீழிருந்து ஏறும் நீராவி படிந்து படிந்து துகள்கள் கற்கண்டு மாதிரிப் பெருத்துவிடும். அவை 37ஐ ஏகத்துக்குச் சிதறடிக்க, சூத்திரம் அதை ஆழமான பனி என்று படிக்கும். அது அளந்தது ஆழத்தை அல்ல, அந்தக் குளிர்காலத்தின் கதையை. காட்டில் நேரெதிர்: மரங்களே கதிர்வீச்சை விடுவதால் ஆழம் குறைந்து தெரியும். ஒரு மீட்டர் சுமாரைத் தாண்டினால் வித்தியாசம் மேற்கொண்டு வளராது. பனி ஈரமாகிவிட்டால் வித்தியாசமே காணாமல் போகும். ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று அணைக்காரர் அவசரமாகக் கேட்கும் வாரத்தில் கிடைக்கும் பதில், கிட்டத்தட்ட சைபர்.

மூவரையும் குறை சொல்ல மாட்டேன், அனுமானத்தை வெளிப்படையாக எழுதித்தான் வைத்தார்கள். அதை ஒரு மாறிலியாக நிரலுக்குள் புதைத்து, வழவழப்பான நீல வரைபடமாக வெளியே தள்ளும் என் தொழில்மேல்தான் கோபம். நீலத்தில் சந்தேகத்துக்கென்று ஒரு நிறம் இல்லை.

பின்லாந்து வானிலை ஆய்வு மையத்தின் தலைமையில் நடந்த குளோப்ஸ்னோ திட்டம் இதைவிட நேர்மையானது. வானிலை நிலையங்களில் அளந்த ஆழத்தை வைத்துத் துகளின் அளவை அங்கங்கே திருத்திக்கொள்கிறார்கள். மலைகளை அப்படியே விட்டுவிட்டார்கள். 25 கிலோமீட்டர் பிக்சல் ஒன்றுக்குள் சிகரமும் பள்ளத்தாக்கும் சேர்ந்தே கிடந்தால் என்ன எண்ணைப் போடுவது? சிந்து நதிக்கு உருகுநீர் தரும் மலைகள் அந்த வரைபடத்தில் வெறும் வெற்றிடம்.