டிஸ்லெக்சியாவும் கற்பித்தல் முறைகளும்: ஒரு மதிப்பீடு

அறிவிற் குறைவின்றி, கண்ணிலும் செவியிலும் பழுதின்றி, பாடசாலைக்கு ஒழுங்காகச் சென்றும் வாசிக்கமாட்டாத சிறுவர் உளர் என்பதை மருத்துவ உலகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அறிந்திருந்தது. 1896ஆம் ஆண்டில் பிரிங்கிள் மோர்கன் என்னும் ஆங்கில வைத்தியர் பேர்சி என்ற பதினான்கு வயதுச் சிறுவனைப்பற்றி எழுதிய சிறு கட்டுரை இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்றாகும். குறையைக் கண்டவர் வைத்தியர். பரிகாரம் தேடும் பொறுப்போ ஆசிரியர் தலையில் விழுந்தது.

தம் பிள்ளைக்கு இவ்விடர்ப்பாடு உண்டென அறிந்த பெற்றோர் முதற்கண் வினவுவது, எம்முறையிற் கற்பித்தல் நன்று என்பதேயாம். விடையாகப் பெரும்பாலும் கிடைப்பது ஒரு பெயர்: ஓர்ட்டன் - கில்லிங்காம் முறை. பெயர் ஒரு முறைக்குப் புகழைத் தருமேயன்றித் தகுதியைத் தருவதில்லை. ஆதலின் அதனுள்ளே சற்றுப் புகுந்து நோக்குதல் தகும்.

சாமுவேல் ஓர்ட்டன் அமெரிக்க நரம்பியல் வைத்தியர். 1925இல் அவர் வெளியிட்ட கொள்கை வருமாறு: மூளையின் இரு பாதிகளுள் ஒன்று மற்றதன்மேல் ஆதிக்கம் பெறாதவிடத்து, எழுத்தின் உருவமும் அதன் கண்ணாடி உருவமும் மனத்திற் கலந்து மயங்கும், எனவே பிள்ளை எழுத்துகளை இடம்வலமாக மாற்றிக் காண்கின்றது. இக்கொள்கை இன்று நிலைபெறவில்லை. 1970களிலிருந்து பெருகிய ஆய்வுகள், இடர்ப்பாட்டின் வேர் பெரும்பாலும் கண்ணில் அன்று, சொல்லை ஒலிகளாகப் பகுத்துணரும் ஆற்றலிலே இருக்கின்றது எனக் காட்டின. ஆயினும் கொள்கை வீழ்ந்தபோது முறை வீழவில்லை. காரணம் யாது? அன்னா கில்லிங்காமும் பெசி ஸ்டில்மனும் 1930களில் உருவாக்கிய கைந்நூல் செய்த வேலை, எழுத்துக்கும் ஒலிக்குமுள்ள உறவை ஒவ்வொன்றாக, எளியதிலிருந்து அரியதற்கு, ஊகத்திற்கு இடமின்றி வெளிப்படையாகக் கற்பித்தலே. பிழையான காரணத்தைச் சொல்லிச் சரியான மருந்தைக் கொடுத்தவர் கதை இது.

ஆனால் அம்முறையைப் போற்றுவோர் எடுத்துப் பேசுவது இவ்வொழுங்கை அன்று. ‘பல்புலன் வழி’ என்னும் அடைமொழியையே. கண்ணாற் கண்டு, காதாற் கேட்டு, விரலால் வரைந்து கற்றல் என்பது அதன் பொருள். இவ்வடைமொழி எத்துணை மயக்கந் தருவது என்பதற்குக் கிரேஸ் பேர்னால்டின் முறையே சான்று. கலிபோர்னியாவிற் பணிபுரிந்து 1943இல் தம் நூலை வெளியிட்ட அவ்வம்மையாரும் பிள்ளையை விரலால் வரையச் செய்தார். ஆனால் அவர் வரையச் செய்தது பிள்ளை தானே விரும்பிக் கேட்ட முழுச் சொல்லை. தனியெழுத்தை ஒலித்துச் சேர்க்கும் பயிற்சிக்கு அங்கு இடமில்லை. இரண்டும் பல்புலன் முறைகளே. இரண்டும் எதிரெதிர்த் திசையிற் செல்வன. விரல் பொதுவாயிருப்பதனால் முறையும் ஒன்றாகிவிடுமா?

கில்லிங்காம் கைந்நூலின் ஒரு விதி தனியே கருதத்தக்கது. பயிற்சி நடைபெறுங் காலத்திற் பிள்ளை அவ்வாசிரியரிடமன்றி வேறெங்கும் வாசித்தலும் எழுதுதலும் ஆகா என்பது அது. ஊகித்து வாசிக்கும் பழக்கத்தை ஒழித்தற்கு இது துணைசெய்யும் என்பது மெய்யே. எனினும், மற்றைய பாடங்களையும் கற்கவேண்டிய பத்து வயதுப் பிள்ளையை நூலினின்று விலக்கிவைப்பது கடுமை. அவ்விடைக்காலத்திற் பெரியவர் வாசித்துக் காட்டாதுவிடின், அப்பிள்ளையின் சொல்வளமும் உலகறிவும் தேய்ந்துபோம்.

முறைகளை ஒன்றோடொன்று வைத்து அளந்த ஆய்வுகளுள் ஜோசப் டோர்கெசனும் பிறரும் 2001இல் வெளியிட்டது குறிப்பிடத்தக்கது. எட்டு முதற் பத்து வயதுவரையான அறுபது பிள்ளைகள், நாளொன்றுக்கு ஐம்பது நிமிட வகுப்பு இரண்டாக, எட்டு வாரங்களில் 67.5 மணிநேரம் தனித்தனியே கற்பிக்கப்பட்டனர். ஒரு சாரார்க்கு நேரத்தின் பெரும்பகுதி ஒலிப்பயிற்சியிலே கழிந்தது. மறு சாரார் பாதி நேரத்தைத் தொடர்ந்த வாசிப்பிற் செலவிட்டனர். இரு சாராரும் பெரிதும் முன்னேறினர்; ஈராண்டு கழித்தும் அவர்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எழுத்தொலி உறவை வெளிப்படையாகவும் செறிவாகவும் கற்பித்தமை இரண்டுக்கும் பொது. ஆயினும் வாசிப்பின் வேகம் இரு சாராரிடத்தும் பின்தங்கியே நின்றது. இதனை விளம்பரங்கள் சொல்வதில்லை. ஓர்ட்டன் - கில்லிங்காம் வழியினவான பயிற்சிகள்பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளிவந்த மதிப்பீடும், அவை ஏனைய பயிற்சிகளிலும் உறுதியாக மேம்பட்டவை என்று நிறுவவில்லை. அவை பயனற்றவை என்பது இதன் பொருளன்று. பெயருக்கென்று தனிவிலை கொடுக்கவேண்டியதில்லை என்பதே.

ஆகவே தனியாசிரியரைத் தேடுவோர் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. எழுத்தொலி உறவு எவ்வொழுங்கிற் கற்பிக்கப்படுகின்றது? வாரத்தில் எத்தனை மணி? முன்னேற்றம் எவ்வாறு அளக்கப்படுகின்றது? வேகத்திற்கென யாது செய்யப்படுகின்றது? நிறக்கண்ணாடி அணிவித்தும் கண்ணசைவைப் பயிற்றியும் வாசிக்கச் செய்வோம் என்பாரை நெடிது ஆராயவேண்டுவதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் கண்மருத்துவர் அமைப்புகளும் 2009இல் அவற்றிற்குத் தக்க சான்றில்லை எனக் கூட்டாக அறிவித்துவிட்டன.

இம்முறைகள் யாவும் ஆங்கிலத்திற்கென அமைந்தன என்பதையும் மறத்தலாகாது. ஒரே ஒலிக்குப் பல எழுத்தமைப்பும், ஓரெழுத்துக்குப் பல ஒலியும் உடைய மொழி அது. எழுத்தும் ஒலியும் பெரிதும் இயைந்த இத்தாலியம், ஜெர்மன் போன்ற மொழிகளில் இவ்விடர்ப்பாடுடைய பிள்ளைகள் பிழை குறைவாக, ஆனால் மிக மெதுவாக வாசிக்கின்றனர். தமிழின் இயல்பு மற்றொன்று. 247 எழுத்துகளை வேறுவேறு உருவங்களாக மனனஞ் செய்விப்பதா, மெய்யும் உயிரும் சேரும் வகையை உணர்த்துவதா என்பது இங்கே முதற் கேள்வி. ‘கல்’, ‘அகம்’, ‘தங்கம்’ என்னும் மூன்றிலும் ககரம் வெவ்வேறாக ஒலிக்கின்றது. ‘கெ’ என்பதில் மெய் முந்தி ஒலிக்க, உயிரைக் குறிக்கும் கொம்போ முந்தி நிற்கின்றது. ‘கொ’ என்பதில் அவ்வுயிர்க்குறி மெய்யின் இருமருங்கும் பிரிந்து நிற்கின்றது. ஒலிகளை வரிசையாகப் பிரித்தறியத் தடுமாறும் பிள்ளைக்கு இவை எந்த ஒழுங்கிற் கற்பிக்கப்படல் வேண்டும் என்பதை ஆங்கிலக் கைந்நூல் எதுவும் சொல்லாது. அதனை மொழிபெயர்த்து வகுப்பிற் பயன்படுத்த முனைவோர் அதன் பாடவரிசையை விட்டு, வெளிப்படையாகப் படிப்படியே கற்பித்தல் என்னும் நெறியை மாத்திரம் எடுத்துக்கொள்ளலாம். வரிசையைத் தமிழெழுத்தின் இயல்பிலிருந்தே வகுக்கவேண்டும்.