காவல் நின்றவர்களின் போர்

155ஆம் இலக்க பஸ் வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் ஒரே பாதையில் இணைக்கிறது. இரண்டுக்கும் நடுவே நகர மண்டபத்தடியில் இறங்கினால் விகாரமகாதேவிப் பூங்கா. அங்கே பொது நூலகப் பக்கமாக ஒரு போர் நினைவுத் தூண் நிற்கிறது. பூங்காவுக்கு வருகிறவர்களில் அதை நின்று பார்ப்பவர்கள் குறைவு. கொழும்பின் பழைய தொண்டர் படையொன்றின் போர்க்காலத்தைச் சுவைத்து அறிய விரும்புகிறவர்கள் இந்தத் தூணிலிருந்தே தொடங்கலாம்.

1873இல் இலங்கை ரைபிள் படை கலைக்கப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து, 1881 ஏப்ரல் 1ஆம் திகதி, இலங்கை இலகு காலாட்படைத் தொண்டர்கள் என்ற பிரிவு தொடங்கியது. முதல் கட்டளை அதிகாரி ஜோன் ஸ்கொட் ஆர்மிட்டேஜ். வேல்ஸ் இளவரசர் கௌரவக் கேணல். மற்றவர்கள் சம்பளச் சிப்பாய்கள் அல்ல, தங்கள் தொழிலைப் பார்த்துக்கொண்டே துவக்குப் பிடிக்கப் பழகியவர்கள். இன்று இலங்கை இராணுவத்தின் ரெஜிமென்டுகளில் மூத்தது இதுதான்.

இந்தப் படையின் கதையில் வாள்வீச்சைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். துறைமுகம், விமானத்தளம், களஞ்சியம் என்று எதையாவது காத்து நிற்பதே பெரும்பாலும் அதன் போராக இருந்தது. ஆகவே எங்கே சண்டை நடந்தது என்று கேட்காதீர்கள். யாரை அனுப்பினார்கள், யாரை வீட்டுக் காவலுக்கு வைத்துக்கொண்டார்கள் என்று கேளுங்கள். அப்போது பழைய பட்டியல்கள்கூடப் பேசத் தொடங்கும்.

1900ஐ எடுத்துக்கொள்வோம். போவர் போருக்கு இலங்கையிலிருந்து ஒரு குதிரைப் பிரிவு தென்னாபிரிக்காவுக்குக் கப்பலேறியது. காலாட்படைத் தொண்டர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆனால் அதே ஆண்டில் போரே இங்கு வந்துவிட்டது. ஐயாயிரம் வரையிலான போவர் கைதிகளைத் தியத்தலாவையில் அடைத்தார்கள். சண்டைக்கு ஆள் அனுப்பிய தீவே அந்தச் சண்டையின் சிறைச்சாலையாகவும் ஆனது.

1914இல் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. தோட்டத்துரைமாரின் ரைபிள் படை ஐரோப்பியர்களுக்கு மட்டுமானது. அதிலிருந்து 8 அதிகாரிகளும் 229 சிப்பாய்களும் எகிப்துக்குப் போய்ச் சுயஸ் கால்வாயைக் காத்தார்கள், பிறகு கலிப்பொலியில் ஜெனரல் பேர்ட்வுட்டின் மெய்க்காவலர்களாக இருந்தார்கள். சிங்களவரும் தமிழரும் பறங்கியரும் மலாயரும் சேர்ந்திருந்த இலகு காலாட்படைக்கு உள்ளூர்க் காவல். சண்டைக்கே போக வேண்டுமென்று துடித்தவர் இன்னொரு படையின் சீருடையைத் தேடிப் போனார். கொழும்பில் பிறந்து முகத்துவாரத்தில் அன்றிருந்த சென் தோமஸ் கல்லூரியில் படித்த பேசில் ஹோர்ஸ்ஃபோல் 1918 மார்ச்சில் பிரான்சில் இறந்தார், இறந்தபின் விக்டோரியா கிராஸ் கிடைத்தது. அவர் அணிந்திருந்தது கிழக்கு லங்காஷயர் ரெஜிமென்டின் உடுப்பு.

இப்போது தூணை அண்ணாந்து பாருங்கள். லண்டன் வைட்ஹோல் நினைவுச் சின்னத்தையும் டில்லி இந்தியா கேட்டையும் வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ்தான் இதையும் வடிவமைத்தார். 1923இல் இது காலிமுகத்திடலில், கடலைப் பார்த்து எழும்பியது. இரண்டாம் உலகப் போரில், கடலிலிருந்து குறிபார்க்கும் எதிரிக்கு இது அடையாளமாகிவிடும் என்று பயந்து, பிரித்தெடுத்து இங்கே கொண்டுவந்து மீண்டும் நிறுத்தினார்கள். முந்தைய போரில் மாண்டவர்களுக்கு எழுப்பிய தூண் அடுத்த போருக்கு ஒதுங்கி இடம்மாறிய கதை எனக்கு மிகவும் பிடிக்கும். இந்தத் தீவின் போர் அனுபவத்தை எந்தப் பீரங்கியையும்விட அது நன்றாகச் சொல்லுகிறது. பின்னாலுள்ள பெயர்ச் சுவரை அவசரப்படாமல் வாசியுங்கள். ஒவ்வொரு பெயரிலும், இவர் எந்தப் படையில் நின்று இறந்தார் என்று கேட்டுக்கொண்டே போங்கள்.

அந்தச் சுவரில் பெயர்களைத் தேடும்போது வெலிக்கடைச் சிறையையும் நினைத்துக்கொள்வது நல்லது. 1942 மேயில் கொக்கோஸ் தீவில் காவல் நின்ற இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் கலகம் செய்தார்கள். கிரேஷன் பெர்னாண்டோ உட்பட மூவர் அந்த ஓகஸ்டில் வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டார்கள். இலகு காலாட்படையின் கதை இதுவல்ல, என்றாலும் யாருக்காகக் காவல் நிற்கிறோம் என்ற கேள்வி அதே பாசறைகளில் ஓடியதுதான்.

அந்தக் கேள்வி அதற்கு முன்பே தெருவுக்கும் வந்திருந்தது. போர் நினைவு நாளான நவம்பர் 11இல் விற்ற பொப்பிப் பூவின் பணத்தில் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குப் போவதை எதிர்த்து, 1931இல் இலங்கையின் முன்னாள் படைவீரர் பக்கத்திலிருந்தே ஏலியன் பெரேரா சூரியமல் விற்கத் தொடங்கினார். 1933இல் இளைஞர் கழகங்கள் அதைக் கையிலெடுத்தன. வெள்ளவத்தை நூற்பு, நெசவு ஆலை வேலைநிறுத்தத்தில் அதே ஆண்டு இறங்கிய தென் கொழும்பு இளைஞர் கழகம் அவற்றில் முன்னணியில் நின்றது. வெள்ளவத்தைக்காரர் இந்தப் படைக் கதையைத் தம் ஊர்க் கதையாகவும் வாசிக்க இது போதும்.

வேறொரு காரணத்துக்காகவும் வெள்ளவத்தைக்காரர் இலகு காலாட்படை என்ற பெயரில் நின்றுவிடுவார். 1983 யூலை 23 இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 பேரை இழந்த ரோந்து இந்த ரெஜிமென்டின் முதலாம் பட்டாலியனைச் சேர்ந்தது. கனத்தை மயானத்தில் அவர்களை அடக்கம் செய்யவிருந்த 24ஆம் திகதி பொறளையில் தமிழருக்கு எதிராக மூண்ட தீ, வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் விட்டுவைக்கவில்லை. இதை மறந்துவிட்டு ரசியுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொன்றைச் சொல்கிறேன். 1949இல் நிரந்தர இராணுவம் உருவானபோது அதே முதலாம் பட்டாலியனின் முதல் கட்டளை அதிகாரி அன்ரன் முத்துக்குமாரு என்ற தமிழர். 1934இல் இந்தத் தொண்டர் படையில் அதிகாரியானவர், 1946இல் லண்டன் வெற்றி அணிவகுப்பில் இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர். 1955இல் இராணுவத்தின் முதல் இலங்கைத் தளபதியும் அவர்தான். அப்போது பிரதமராயிருந்த சேர் ஜோன் கொத்தலாவலையும் இதே படையிலிருந்து வந்தவர்.

1961இல் ரெஜிமென்டுக்கு ஒரு யானை வந்தது, சுதந்திர தின அணிவகுப்புகளில் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் கண்டுல, எல்லாளனோடு பொருதிய துட்டகைமுனுவின் யானையின் பெயர். முன்பு விக்டோரியா பூங்காவாயிருந்த இந்தப் பூங்காவுக்கு இப்போது துட்டகைமுனுவின் தாயின் பெயர். 

முத்துக்குமாரு 1987இல் ஆங்கிலத்தில் இலங்கையின் படை வரலாற்றைச் சுருக்கமாக எழுதி வெளியிட்டார். நூலகத்தில் கிடைத்தால் முதலில் அதைப் புரட்டுங்கள், பிறகு தூணடிக்கு வாருங்கள். நவம்பர் 11ஐ அண்டிய ஞாயிறன்று முன்னாள் படைவீரர்கள் மலர்வளையம் வைக்க வருவார்கள். சடங்கைப் பார்க்க அன்று போகலாம். பெயர்களை வாசிக்க வேண்டுமானால் அடுத்த வாரம், வேலைநாள் ஒன்றில் காலையில் போங்கள்.