எந்திரமும் லயனும்: ஹந்தானைத் தேயிலை நூதனசாலையின் விரிவு குறித்து

கண்டி நகரையடுத்த ஹந்தானை மலைச்சாரலில் 1925இல் எழுந்த தேயிலைத் தொழிற்சாலை, நெடுநாள் இயங்காது கிடந்து, 2001இல் இலங்கைத் தேயிலை நூதனசாலையாக மறுபிறப்பெடுத்தது. நான்கு தளங்கொண்ட அக்கட்டடமே அதன் முதற் காட்சிப்பொருள் எனலாம். கொழுந்து வாடுதற்குக் காற்று வேண்டும். ஆதலின் மேற்றளங்களில் நிரை நிரையாகச் சாளரங்கள். வாடிய கொழுந்து கீழிறங்கி, அரைபட்டு, நொதித்து, உலர்ந்து தேயிலையாயிற்று. உற்பத்தி முறையே இங்கு கட்டட வடிவங் கொண்டது.

ஆயின், அவ்வுற்பத்தியின் உயிரான மனித உழைப்பு யாண்டுளது? முதன்மை பெறுவன எந்திரங்களும், 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப்பொருள்களுமே. கொழுந்து வாடிய மேற்றளங்களில் இன்று விற்பனை நிலையங்களும் தேநீர்ச்சாலையும் உள. தென்னிந்தியாவினின்றும் வந்து மலைகளைத் தோட்டங்களாக்கி, 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களின் வரலாறு ஓரத்திலேயே நிற்கிறது.

கம்பளையையடுத்த நியூ பீகொக் தோட்டத்தில், பழைய லயன் அறைகளில், 2007இல் தொழிலாளர்க்கெனத் தனி நூதனசாலையொன்று அமைந்தது உண்மையே. அது இருக்க ஹந்தானையில் விரிவு எதற்கென வினவலாம். எந்திரத்தை ஓரிடத்தும் உழைத்தவனைப் பிறிதோரிடத்தும் வைத்தல், மேட்டில் துரை பங்களா, அப்பால் தொழிற்சாலை, ஒதுக்கில் லயன் என்ற தோட்டத்தின் பழைய ஒழுங்கையே மீட்டும் நிறுவுவதாகும் என்பதே எமது விடை.

எனவே ஹந்தானையில் விரிவொன்று அமைக்கப்படுமாயின், அது தொழிற்சாலையினும் உயராது, சரிவையொட்டித் தாழ்ந்து நீளுதல் வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடியான லயன் காம்பராவின் அளவே அதன் அலகாகலாம். பார்வையாளர் அவ்வழியே நுழைந்து, பின்னரே எந்திரங்களை அடைதல் தகும். கண்டிய மரபுக் கூரையைப் போலச்செய்தல் இங்குப் பொருந்தாது. அது அரண்மனைக்கும் விகாரைக்கும் உரிய நினைவு.

ஓர் எச்சரிக்கையும் வேண்டப்படுகின்றது. லயன்களில் இன்றும் மக்கள் வாழ்கின்றனர். அவர்தம் வறுமையைச் சுற்றுலாப் பயணிக்கு அழகுபடுத்திக் காட்டும் கட்டடம், இல்லாமையினும் தீதாம். ஆகவே எதனை வைப்பது, எம்மொழியில் விளக்குவது என்பனவற்றை அம்மக்களே தீர்மானித்தல் வேண்டும். அவ்வுரிமை வழங்கப்படாவிடின், வரைபடம் எத்துணைச் சிறந்ததாயினும் அவ்விரிவு மற்றுமொரு விற்பனைத் தளமாகவே முடியும்.